ஏழரை விநாடி வளைவு

என் மனைவியும் என் தங்கையும் பதினெட்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. காரணம், ஓர் எண்ணெய்த் தொட்டி.

மனைவி பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிறவள். பட்டறைக்கு வருகிறவர்கள் அவளை 'மேஸ்திரி' என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. தங்கை, அவள் கட்டிய எஞ்சினை வைத்துப் பந்தயம் ஓட்டுகிறவள். குழந்தையாக இருந்தபோது ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியதால் வீட்டில் அவளுக்குப் 'பம்பரம்' என்று பெயர். நானோ பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். பண்ணை பண்ணையாக வேனில் போய் வருவேன். பந்தய நாட்களில் தண்ணீர் பாட்டிலும் மடக்கு நாற்காலியும் சுமப்பேன். அதற்கு மேல் அந்த உலகத்தில் எனக்கு வேலை கிடையாது.

சண்டை தொடங்கியது போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில். எங்கள் பந்தயத் தளத்தில் வலப்பக்கமாக வளைந்து வளைந்து முடியவே முடியாத ஒரு திருப்பம் இருக்கிறது. ஓட்டுநர்கள் அதை 'அரிவாள்' என்பார்கள். பேருந்து வேகமாகத் திரும்பினால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்வார்களே, அரிவாளில் காரின் எண்ணெய்க்கும் அதுதான் கதி. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தட்டையான தொட்டியில் எண்ணெய் முழுக்க இடப்பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். நடுவில் இருக்கிற உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். அன்றைக்கும் குடித்தது. அழுத்தம் காட்டும் முள் படுத்தது. பேரிங் எரிந்து, கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

புது எஞ்சின் கட்டியாக வேண்டும். அதற்கு எண்ணெய் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

பம்பரம் ட்ரை சம்ப் கேட்டாள். அதில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கவே தங்காது. விழுகிற எண்ணெயைச் சின்னச் சின்ன பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி, உயரமான தனித் தொட்டி ஒன்றுக்கு அனுப்பிவிடும். தொட்டியின் அடியிலிருந்து இன்னொரு பம்ப் எடுத்து எஞ்சினுக்கு ஊட்டும். கார் எப்படிச் சாய்ந்தாலும் கவலையில்லை.

மேஸ்திரி ஒப்பவில்லை. இருக்கிற தொட்டிக்குள்ளேயே ஒருவழிக் கதவுகள் வைத்துத் தடுப்புப் போட்டால் எண்ணெய் ஓடாமல் நிற்கும் என்றாள். அதோடு, எஞ்சின் வயிற்றில் சேருகிற வாயுவை இழுக்கத் தனியாக ஒரு சின்ன வேக்யூம் பம்ப். போதும்.

"நாலு பம்பு, ஒரு பெல்ட்டு, ஏழு ஹோஸு. ஒவ்வொரு ஹோஸும் ஒழுகறதுக்கு ஒரு இடம்டி" என்றாள்.

"எல்லாரும் அதான் அண்ணி போட்டிருக்காங்க."

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு, நான் போய்க் கேக்கறேன்."

"மூணு வருஷமா அந்த வளைவுல உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டறது நானு. தொட்டிக்குக் கதவு வைக்கிறது நீங்க. ஜன்னலும் வைங்க, காத்து நல்லா வரும்."

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அவள் கோபத்தில் கத்துவதில்லை. ஸ்பேனரை மெதுவாக, சத்தமே இல்லாமல் வைப்பாள். அன்றோடு பேச்சு நின்றது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தப் பதினெட்டு நாளும் நான்தான் மத்தளம். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தங்கை, "அண்ணா, தண்ணி ஜக்கு உன் பொண்டாட்டி பக்கத்துல இருக்கு" என்பாள். மனைவி ஜக்கை என்னிடம் தள்ளி, "ஏங்க, உங்க தங்கச்சிக்குத் தாகமாம்" என்பாள். கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். ஜக்கு என் வழியாகத்தான் போகும்.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பட்டறைக்குள் போனபோது மேஸ்திரி ஒரு விசித்திரமான பொருளைச் செய்து முடித்திருந்தாள். கதவுத் தடுப்புகள் பொருத்திய எண்ணெய்த் தொட்டி; அதன் ஒரு பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக்கை ஒட்டியிருந்தாள். உள்ளே நடப்பது மீன் தொட்டி போலத் தெரியும். அதைச் சாய்க்கக்கூடிய இரும்புச் சட்டத்தில் ஏற்றி, எஞ்சினின் ஆயில் பம்பை ஒரு பெரிய மோட்டாரோடு பெல்ட்டால் இணைத்து வைத்திருந்தாள்.

"ஏங்க, உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க. அந்த வளைவு எத்தனை செகண்டுன்னு தெரியணும்."

பம்பரம் வாசலில்தான் நின்றிருந்தாள். போன வருட ஓட்டத்தின் வீடியோவைத் தொலைபேசியில் ஓடவிட்டு, ஸ்டாப் வாட்சை அமுக்கினாள். இரண்டு முறை பார்த்தாள். "ஏழரை செகண்டு, அண்ணா."

"ஏழரையா!" என்றேன். "சரியாத்தான் புடிச்சிருக்கு நம்மள."

இருவருக்கும் உதடு துடித்தது. ஆனால் சிரித்தால் தோற்றதாகிவிடுமே, அதனால் இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

வளைவில் காரை வெளியே தள்ளுகிற விசை அதன் எடை அளவுக்கு இருந்தால், தொட்டியை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைப்பதற்குச் சமம் என்று மேஸ்திரி என்னிடம் விளக்கினாள். என்னிடம்தான், ஆனால் என் தோளுக்கு மேலாகப் பார்த்து. சூடேறிய எண்ணெய் போல ஓடவேண்டும் என்பதற்காக மெல்லிய எண்ணெயை ஊற்றினாள். மோட்டாரை ஓடவிட்டு, சட்டத்தை இடப்பக்கம் சாய்த்தாள். எண்ணெய் சுவரில் ஏறப் பார்த்தது. கதவுகள் டப்பென்று மூடிக்கொண்டன. குழாயைச் சுற்றி எண்ணெய் குளம் போல நின்றது. அழகாக இருந்தது. மேஸ்திரியின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

பம்ப் குடித்துக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு வாளியில் எண்ணெய் விழுந்தது. தங்கை எண்ணினாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

குளம் வற்றிக்கொண்டு வந்தது. ஐந்து என்று அவள் சொன்னபோது, குழந்தைகள் ஜூஸ் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தம் கேட்டது. கர்ர்ர்ர். வாளிக்குள் நுரை விழுந்தது.

மேஸ்திரி மோட்டாரை நிறுத்தினாள். மறுபடி எண்ணெய் ஊற்றினாள். மறுபடி சாய்த்தாள். ஐந்து. மூன்றாம் முறை, ஐந்தும் கொஞ்சமும்.

"ஓடறப்ப மேலேர்ந்து கொஞ்சம் எண்ணெய் திரும்பி வரும்" என்றாள், தனக்குத்தானே. "ஆனா வளைவுல அதுல பாதி மேலயே தங்கிடும். மீதி ரெண்டரை செகண்டுக்கு என் கதவு பதில் சொல்லாது."

கையைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு நேராகத் தங்கையைப் பார்த்தாள்.

"பம்பரம், நீ சொன்னதுதான்டி சரி. ட்ரை சம்ப்பே போடலாம்."

பம்பரத்துக்கு வெற்றியை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. பந்தயத்தில் கோப்பையை இரண்டு கையாலும் பிடுங்குகிறவள், இப்போது திருதிருவென்று விழித்தாள். "இல்லண்ணி, நான் அளந்து பாத்தெல்லாம் சொல்லல. எல்லாரும் போட்டிருக்காங்களேன்னு..." என்று இழுத்தாள். அப்புறம் ஓடிப் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இருவர் சட்டையிலும் எண்ணெய். நான் வாளியை நகர்த்தி வைத்தேன். இல்லாவிட்டால் அதையும் உதைத்திருப்பார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் மேஸ்திரி, பிடியிலிருந்து விடுபட்டு. "எத்தனை பம்பு, எவ்வளவு வேக்யூம், தொட்டி எங்க உக்காரணும், அது என் வேலை."

"எள்ளுன்னா எண்ணெயா நிப்பேன் அண்ணி!"

"எண்ணெயா நிக்க வேணாம். அது நிக்காததாலதான் இவ்வளவு பாடு."

அன்று மதியம் ஜக்கு என்னைச் சுற்றாமல் நேராகப் போனது.

தொட்டி வைக்க இடம் தேடினார்கள். ஓட்டுநருக்கு அருகில் இன்னொரு இருக்கை இருந்தது. பயிற்சி நாட்களில் நான் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கத்துவது வழக்கம். அதைக் கழற்றிவிட்டார்கள். "கத்தாத தொட்டி" என்றாள் தங்கை, அந்த இடத்தில் அலுமினிய உருளையைப் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டே. எண்ணெயை உறிஞ்ச மூன்று பம்ப், ஊட்ட ஒரு பம்ப் என்று முடிவாயிற்று.

அடுத்த கேள்வி வேக்யூம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எஞ்சினின் அடிவயிற்றுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மனிதருக்கு உப்புசம் வந்தால் எப்படியோ, எஞ்சினுக்கும் அப்படி, வேலை ஓடாது. அதை இழுத்து வெளியேற்றி உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தால் ரிங் நன்றாக ஒட்டும், பிஸ்டன் லேசாக இறங்கும். உறிஞ்சுகிற பம்புகளே எண்ணெயோடு சேர்த்து இதையும் இழுத்துவிடும். அந்த இழுப்பை இன்ச் கணக்கில் அளப்பார்கள்.

"எவ்வளவு இழுக்குமோ அவ்வளவும் இழுக்கட்டும் அண்ணி. இருபது இன்ச்!" என்றாள் பம்பரம், சாப்பாட்டு மேசையில்.

"இழுத்தா, பிஸ்டனையும் ராடையும் கோக்கிற பின்னுக்குப் போற எண்ணெய்ப் புகையையும் சேத்து இழுத்துரும். பின்னு காஞ்சு புடிச்சுக்கும். பன்னண்டு, பதிமூணு போதும். ஆனா பம்பு வேகம் கூடக் கூட அதுவும் கூடுமே. பதிமூணுலயே எப்படி நிறுத்தறது? அதான் யோசிக்கிறேன்."

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். "பதிமூணு இன்ச்சா? பாதரச இன்ச்சா?"

"ஆமா. ஏன்?"

"அது என் நம்பராச்சே."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

"பால் கறக்கிற மிஷின் ஓடறதே பன்னண்டு பதிமூணு இன்ச்சுலதான்" என்றேன். "கூடினா மாட்டுக்குக் காம்பு வீங்கிரும், உதைக்கும். குறைஞ்சா கப்பு கழண்டு விழும். ஒரு மாட்டுக்கும் அதே பதிமூணு, அம்பது மாட்டுக்கும் அதே பதிமூணு. அதுக்கு ஒரு வால்வு இருக்கு. அளவு தாண்டிச்சுன்னா வெளிக்காத்தைக் கொஞ்சம் உள்ள விடும். என் பொழப்பே அந்த வால்வுதான்."

மேஸ்திரி கேட்டாள், "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஏங்க இதைச் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே. தண்ணி பாட்டில் எங்கன்னுதான் கேப்பே."

வேனிலிருந்து இரண்டு வால்வுகளை எடுத்து வந்தேன். எடைக்கல் வைத்த வகையை மேஸ்திரி உடனே ஒதுக்கினாள். கார் குலுங்குகிற குலுங்கலில் அது குதித்துக்கொண்டே இருக்கும் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஸ்பிரிங் வைத்ததைப் பிரித்து, மேசையில் பாகம் பாகமாக அடுக்கி, ஸ்பிரிங்கை விரலால் அமுக்கிப் பார்த்தாள். புது நகை பார்க்கிறவள் முகம் அப்படித்தான் இருக்கும். தங்கை என் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள். கேட்காமலே.

எஞ்சின் தயாரானதும் டைனோ அறைக்குக் கொண்டு போனோம். எஞ்சினை ஒரு மேடையில் கட்டி ஓட்டி, அதன் பலத்தை அளக்கிற இடம் அது. அதை நடத்துகிறவர் அதிகம் பேசாதவர். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

எஞ்சின் நன்றாகவே கிளம்பியது. எண்ணெய் அழுத்தம் கல் மாதிரி நின்றது. ஆனால் வேக்யூம் முள் ஆறைத் தாண்டவில்லை. கூடவே மெல்லிய விசில் ஒன்று. ஹோஸ்களைக் கழற்றி மாட்டினார்கள். மூடிகளை இறுக்கினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஓட்டை அகப்படவில்லை. மேஸ்திரி பம்பின் மேல் சந்தேகப்பட்டாள். பம்பரம் என் வால்வின் மேல்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது வால்வு சத்தம் இல்ல. வால்வு உஸ்ஸுங்கும். இது ரப்பர் உதடு தூக்கற சத்தம். கப்பு காம்புமேல சரியா உக்காரலேன்னா இப்படித்தான் விசிலடிக்கும்."

"எங்க?"

பண்ணையில் நான் செய்வது போல, நீளமான ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்தேன். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மறுமுனையை ஒரு கம்பியில் கட்டி, பெல்ட்டில் படாமல் ஒவ்வோர் இடமாக நீட்டினேன். மூடி, இல்லை. ஹோஸ் வாய், இல்லை. கிராங்க் என்கிற சுழல் தண்டின் முன்முனை வெளியே வருகிற இடத்தில் விசில் காதைத் துளைத்தது.

"இங்க."

மேஸ்திரி நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். கையிலிருந்த கறை நெற்றியில் அப்பிக்கொண்டது. "சீலு! எண்ணெய் வெளிய போகாம இருக்கத்தானே உதட்டை உள்பக்கம் வெச்சுப் போடறோம். இப்ப உள்ள வேக்யூம். காத்து வெளியேர்ந்து உள்ள வருது, உதட்டைத் தூக்கிட்டு வருது. திருப்பிப் போட்டிருக்கணும். எனக்குத் தெரியுங்க இது. தெரிஞ்சும் பழக்கத்துல போட்டுட்டேன்."

"யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி."

"யாருடி யானை?"

புது சீலைத் திருப்பிப் போட அரைமணி நேரம் ஆனது. மறுபடி ஓட்டியபோது விசில் இல்லை. முள் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஏறிப் பதிமூன்றில் போய் உட்கார்ந்தது. எஞ்சின் வேகம் கூடிக்கொண்டே போனது. முள் அசையவில்லை. என் வால்வு உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஐம்பது மாடுகளை ஒரே நேரத்தில் கறக்கிற தொழுவத்தில் நிற்பது போல எனக்கு ஒரு நிம்மதி.

ஓட்டம் முடிந்ததும் டைனோக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அதுவே ஒரு செய்திதான். "காலையில இருந்ததுக்கு இப்ப பதினோரு குதிரைச் சக்தி கூட. என்ன பண்ணீங்க?"

"எங்க அண்ணன் பண்ணாரு" என்றாள் பம்பரம். "மாட்டு மெக்கானிக்."

மேஸ்திரி சிரிக்க ஆரம்பித்தாள். கருப்பு நெற்றியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. டைனோக்காரர் எதுவும் புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

பருவத்தின் முதல் பந்தயம் வந்தது. பம்பரம் ஆறாவது இடத்திலிருந்து கிளம்பினாள். மேஸ்திரியும் நானும் தடுப்புச் சுவரோரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றோம். முதல் சுற்றில் அரிவாளுக்குள் கார் நுழைந்ததும் தங்கையின் குரல் கேட்டது.

"அறுபது... அறுபது... அறுபது... அறுபது."

எண்ணெய் அழுத்தத்தை வாசிக்கிறாள் என்று புரிந்தது. மேஸ்திரியின் உதடுகளும் சத்தமில்லாமல் அறுபது என்றன. இரண்டாம் சுற்று, அறுபது. மூன்றாம் சுற்றிலும் அதேதான். ஆனால் இடம் ஒன்றும் கூடவில்லை, இன்னும் ஆறாவதுதான்.

மேஸ்திரி மைக்கை அமுக்கினாள். "பம்பரம், வளைவுல ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலைத் தூக்கறியா?"

"ஆமா அண்ணி. தானா தூக்குது. மூணு வருஷப் பழக்கம்."

"நானும் பழக்கத்துலதான் சீலைத் தப்பாப் போட்டேன். முள்ளை நான் பாத்துக்கிறேன், இங்க திரையில தெரியுது. நீ அதைப் பாக்காத. ரோட்டைப் பாரு."

"சரி அண்ணி."

அடுத்த சுற்றில் கார் அரிவாளுக்குள் போனபோது அதன் குரலே வேறாக இருந்தது. நடுவில் தளராத ஒரே இழுப்பு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஏழரை விநாடி நின்றேன். திரையில் அறுபது. ஹெட்போனில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், வார்த்தையே இல்லாத கூச்சல். ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது குழந்தைகள் போடுவது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கார். ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது. கடைசிக்கு முந்தைய சுற்றில் முன்னால் ஒரு நீலக் கார். வளைவில் வெளிப்பக்கமாக ஏறி, அதன் மூக்கைத் தாண்டி வந்தாள். வெளிப்பக்கமாக! அங்கே யாரும் யாரையும் அப்படித் தாண்டி நான் பார்த்ததில்லை. மேஸ்திரி என் கையைப் பிடித்திருந்தாள். ஸ்பேனர் பிடிக்கிற கை, விரல் எலும்பெல்லாம் நொறுங்கிவிடும் போல வலித்தது. நான் விடுவிக்கவில்லை.

இரண்டாவதாக முடித்தாள். முதல் கார் வெகு தூரம் முன்னால் போய்விட்டிருந்தது; அதை எட்ட இன்னும் நாலு சுற்று வேண்டியிருந்திருக்கும். பரிசு மேடையில் ஏறச் சொன்னபோது பம்பரம் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தாள். ஓட்டுநர்கள் மட்டும்தான் ஏறலாம் என்றார் அங்கிருந்தவர். "அப்ப நானும் இங்கயே நிக்கறேன். கோப்பையைக் கீழ கொண்டுவாங்க" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வழி விட்டார். மேஸ்திரி மேலே நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் நீலக் காரின் ஓட்டுநர் வந்து நின்றார். நெட்டையான மனிதர், உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து அந்த வளைவுல எப்படிங்க முழு வேகத்துல போனாங்க? எனக்கு அங்க முள்ளு படுத்துருது. ஒவ்வொரு சுத்துலயும் காலைத் தூக்கறேன்."

பம்பரம் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லாத, சொல்லாத" என்றாள்.

மேஸ்திரி அதற்குள் அவரை அந்தப் பிளாஸ்டிக் பக்கம் வைத்த தொட்டியிடம் கூட்டிப் போய்விட்டாள். எண்ணெய் ஊற்றி, சாய்த்து, வற்றுவதைக் காட்டினாள். எத்தனை பம்ப் என்று சொன்னாள். சீலைத் திருப்பிப் போட மறக்காதீர்கள் என்றாள். வேக்யூமுக்கு இவரைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

"என்ன அண்ணி நீங்க? எதிரிக்குப் போய் எல்லாத்தையும் சொல்றீங்க!" தங்கைக்கு உண்மையாகவே ஆத்திரம்.

"நேத்து நீ தாண்டினது காலைத் தூக்கின ஆளைடி. காலைத் தூக்காத ஆளைத் தாண்டிப் பாரு, அப்புறம் உனக்கே ருசி தெரியும்."

பம்பரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு ஒரு முக்காலியை இழுத்து நெட்டை மனிதருக்குப் போட்டாள்.

"உக்காருங்க. தொட்டி வைக்க உங்க கார்ல இடம் எங்க இருக்கு? பக்கத்துச் சீட்டுல யாராவது கத்திக்கிட்டு வருவாங்களா?"